கதவில்லாத காரும் கவர் சத்தமும்

நான் வரைந்த காருக்குக் கதவே இல்லை என்பதை முதலில் கவனித்தவர், எனக்கு வேலை போட்டுத் தரவேண்டிய ஆள். ஒரகடத்தில் வண்டி செய்யும் ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவு. இன்டர்வியூ அறையில் ஏசி தேவைக்கு மீறி உழைத்துக்கொண்டிருந்தது. அவர் என் போர்ட்ஃபோலியோவை லேப்டாப்பில் திறந்து, சில பக்கங்களை வேகமாகத் தள்ளி, ஒரு பக்கத்தில் நிறுத்தி, திரையை என் பக்கம் திருப்பினார்.

"இதுல எப்படி ஏர்றது?"

சிவப்புக் கார். தரையோடு தரையாகப் பதுங்கிக்கொண்டு பாய்வதற்குத் தயாராக இருந்தது. 'எதிர்காலத்தின் சிறுத்தை' என்று பெயர் வைத்திருந்தேன். அதன் பக்கவாட்டில் ஒளி விழுவதை வரைய மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த வழவழப்பில் ஒரு கோடு குறுக்கே வந்தால் அழகு கெட்டுவிடும் என்று கதவை மறந்திருக்கிறேன்.

"மேல் பக்கம் திறக்கும் சார்."

"மழை பெய்தா?"

"மூடிக்கும் சார்."

"ஆள் உள்ள ஏர்றதுக்கு முன்னாடியேவா?"

அவர் கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவருக்கு உண்மையிலேயே சந்தேகம். அடுத்த பக்கத்தில் நிலாவில் ஓடும் பைக் இருந்தது. அதை அப்படியே தள்ளிவிட்டார். அதற்கடுத்து ஒரு தண்ணீர் பாட்டில். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் தண்ணீர் ஊற்ற வழி இருந்ததால் எனக்கு ஒரு நிம்மதி. பிறகு, "சொல்லி அனுப்பறோம்மா" என்றார். சொல்லி அனுப்பவில்லை.

அப்போது நான் வல்லம் வடகாலில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிக்ஸ்ச்சர் வரைந்துகொண்டிருந்தேன். வெல்டிங் செய்யும்போது பாகம் ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். பாகமாவது வண்டியில் ஏறி ஊரைச் சுற்றும். அதைப் பிடித்துக்கொண்டிருந்த சட்டம் இருந்த இடத்திலேயே எண்ணெய் குடித்துக்கொண்டு நிற்கும். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வண்டி வரைய ஆசை. சின்ன வயதிலிருந்தே கார்கள் என்றால் எனக்கு மயக்கம் என்று விண்ணப்பக் கடிதங்களில் எழுதுவேன். அது ஒருவகையில் உண்மை. சின்ன வயதில் காரில் ஏறினால் எனக்கு மயக்கமும் வாந்தியும் வரும்.

ஊர் வந்தவாசி. 'என் பெண் டிசைனர் ஆகப்போகிறாள்' என்று அம்மா தெருவில் சொல்லி வைத்துவிட்டாள். அதன் பலன், ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அக்கா பட்டு ஜாக்கெட் துணியோடு வந்து, முதுகில் மயில் வைக்க முடியுமா என்று கேட்டாள். மெக்கானிக்கல் இன்ஜினியர் என்ற கெத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு மயில் வரைந்து கொடுத்தேன். அந்தக் காலத்தில் நான் வரைந்தவற்றில் உண்மையில் உருப்பெற்று ஊர் பார்த்தது அந்த மயில் ஒன்றுதான்.

தங்கியிருந்தது ஒரகடம் மேம்பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு லேடீஸ் ஹாஸ்டல். ஓர் அறைக்கு மூன்று பேர். ஓர் அடுக்குக் கட்டில், ஒரு தனிக் கட்டில். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் நான். கீழ்த்தட்டில் தென்காசிக்காரி ஒருத்தி. போன் பாகங்கள் சேர்க்கும் கம்பெனியில் லைனில் வேலை, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். கணக்கில் பட்டம் வாங்கியவள். ஜன்னலோரத் தனிக் கட்டிலில் காஞ்சிபுரத்துக்காரி. மூன்று பேரில் அவள்தான் முதலில் குடிவந்தவள், அதனால் ஜன்னலும் அவளுடையது, பிளக் பாயின்ட்டும் அவளுடையது. பல கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் இருந்தாள். நாள் முழுக்க அடுத்தவர்களின் பயோடேட்டாவைப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. மனித குலத்தின் மீது அவளுக்கு இருந்த அவநம்பிக்கைக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கதவில்லாத காருக்குப் பிறகு நான் நிதானம் இழந்தேன். ஒரே கடிதத்தைக் கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் அனுப்பினேன். மேலே கம்பெனி பெயரை மாற்றுவேன், கீழே அப்படியே விட்டுவிடுவேன். டிராக்டர் செய்யும் ஒரு கம்பெனிக்கு, உங்களுடன் சேர்ந்து ஸ்கூட்டர் செய்வதே என் வாழ்நாள் கனவு என்று எழுதிவிட்டேன். ஸ்கூட்டர் கம்பெனி அவர்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை. அங்கிருந்து பதில் வந்தது. அதுவரை எனக்கு வந்ததிலேயே அன்பான பதில் அதுதான். ஸ்கூட்டர் கம்பெனியில் வேலை கிடைக்க எங்கள் வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்துக் காட்டினேன். காஞ்சிபுரத்துக்காரி சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கையை நீட்டினாள்.

"எங்க, அந்த போர்ட்ஃபோலியோவ காட்டு."

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் மடியில் தட்டு, தட்டில் இட்லி. வலது கையில் இட்லி, இடது கையில் என் போன். நான் மாதக்கணக்கில் உழைத்ததை இடது கைக் கட்டைவிரல் மேலே தள்ளிக்கொண்டே போனது. அவள் ஓர் இட்லியை முடிக்கவில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"முடிஞ்சிது."

"என்ன முடிஞ்சது?"

"பாத்தாச்சு. வேணாம்னு தள்ளியாச்சு."

"நீ பாதிகூடத் தாண்டலையே."

"எவ தாண்டுவா. மொத பக்கத்துல உன் மூஞ்சி. ரெண்டாவதுல யாரோ வெள்ளக்காரன் சொன்ன பொன்மொழி. அடுத்தாப்ல வட்டம் வட்டமா போட்டு அம்புக்குறி வுட்டுக்கீற. வேல எங்க கீது?"

"அதுக்கு அடுத்த பக்கம்தான்."

"அதுக்குள்ள எங்க ஆபீஸ்ல டீ வந்துடும்."

பயோடேட்டாவையும் பார்த்தாள். அதில் அப்பா பெயர், தொழில், என் உயரம், ரத்த வகை எல்லாம் இருந்தன. கீழே, மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன் என்று ஒரு வரி.

"ரத்தம் குடுக்கப் போறியா, வேலைக்குப் போறியா? இன்னாத்துக்கு இந்த உறுதிமொழி, கோர்ட்டா இது?" பொழுதுபோக்கு என்ற இடத்துக்கு வந்து நின்றாள். "புத்தகம் படிப்பது, இசை கேட்பது, பறவைகளைக் கவனிப்பது. நீ எந்தப் பறவையக் கவனிச்ச?"

நான் பதில் யோசிப்பதற்குள் கீழ்த்தட்டுக் கட்டிலிலிருந்து, ஷாலால் முகத்தை மூடிப் படுத்திருந்த தென்காசிக்காரியின் குரல் வந்தது.

"காக்கா. முறுக்கத் தூக்கிட்டுப் போச்சுல்லா, அப்பம் கவனிச்சா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேறு எதைப் போடுவது என்று கேட்டேன். ஆபீசில் செய்வதைப் போடு என்றாள் காஞ்சிபுரத்துக்காரி. அது முடியாது. எங்கள் கம்பெனி வாசலிலேயே போன் கேமரா மீது ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். வரைந்தது எதுவும் வெளியே போகக்கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அத்தனை வருடம் ஒழுங்காகச் செய்த வேலையைக் காட்ட முடியாது. ஒழுங்கில்லாமல் செய்த சிறுத்தையைக் காட்டலாம். என் நிலைமை இதுதான்.

"அப்ப வெளிய எதுனா செய்யி. நெலாவுல ஓட்றவனுக்கு வேணாம். நெஜமா ஒரு ஆளுக்கு. அந்த ஆளுக்கு அது வேணும்னு இருக்கணும்."

"நிஜமா ஆளுக்கு நான் எங்க போவேன்?"

அப்போது ஷாலுக்குள்ளிருந்து மறுபடியும் குரல்.

"ஏட்டி, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சுன்னா நான் கொஞ்சம் ஒறங்கட்டா?"

அவளுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். ஊர் விழிக்கும்போது வந்து படுப்பாள். நான் மேல்தட்டிலிருந்து குனிந்து அவளைப் பார்த்தேன். எனக்கு ஆள் கிடைத்துவிட்டாள்.

பகலில் தூங்க முடியாதவளுக்கு என்ன வேண்டும்? இருட்டு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நொடி நேரம்கூடத் தேவைப்படவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டிசைனர் என்று நினைத்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. வாலாஜாபாத் கடைத்தெருவுக்குப் போய், குழந்தைக்கு மேல் கவிழ்க்கும் கொசுவலைக் குடை ஒன்று வாங்கினேன். எத்தனை மாதக் குழந்தை என்று கடைக்காரர் கேட்டார். வயசுக்கு வந்த குழந்தை என்றேன். குடைமேல் கறுப்புத் துணி சுற்றித் தைத்தேன். தலையிலிருந்து தோள்வரை மூடும். பார்க்க நன்றாக இருந்தது. நிழல் விழும்படி பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை எனக்கு லீவு. தென்காசிக்காரி ஷிப்ட் முடிந்து வந்து, அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அலுப்பில் தலையை உள்ளே கொடுத்துப் படுத்தாள். தூங்கியும்விட்டாள். நான் மேலே உட்கார்ந்து போர்ட்ஃபோலியோவுக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். 'பகலில் ஓர் இரவு' என்பதுவரை வந்திருந்தேன். அந்நேரம் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. கீழே ஏதோ புரண்டது. அடுத்து ஓர் அலறல். அவள் குடையோடு எழுந்திருக்க முயன்று, தலை என் கட்டில் சட்டத்தில் இடித்து, கறுப்பு முக்காடு போட்ட உருவமாக வராந்தாவில் ஓடினாள். பக்கத்து அறையில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த பெண் கற்பூரத் தட்டைக் கீழே போட்டாள். வார்டன் அக்கா மாடியேறி வந்தார்.

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். தென்காசிக்காரிக்கு வியர்த்துக் கொட்டியது.

"செத்துட்டேன்னே நெனச்சிட்டேன். மேல போயும் கரண்ட் இல்லியேன்னு ஒரே வெசனமாப் போச்சு."

குடை சரியில்லை, காற்றுக்கு ஓட்டை வைக்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவள் கையமர்த்தினாள்.

"வெளிச்சம் இடஞ்சலா இருக்குன்னு ஒங்கிட்ட நான் சொன்னனா? வெளிச்சத்துக்குத்தான் ஷால் இருக்கே. கவர் சத்தந்தாம் என்னக் கொல்லுது."

"எந்தக் கவர்?"

"எந்தக் கவரா. நீங்க ரெண்டு பேரும் எதத் தொட்டாலும் கவர்தான. சோப்பு ஒரு கவர்ல, சீப்பு ஒரு கவர்ல. சத்தம் போடாம எடுக்கணும்னு நெனச்சு மெல்ல மெல்லப் பிரிப்பிய பாரு, அதுதாம் ரொம்பக் கொடும. ஒரேயடியாப் பிரிச்சாலாவது ஒரு தடவ முழிச்சிட்டு ஒறங்கிருவேன்."

அடுத்த சனிக்கிழமை நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் கட்டிலில் படுத்துக் கேட்டேன். காஞ்சிபுரத்துக்காரி வழக்கம்போலக் குளித்துக் கிளம்பினாள். மொறமொற, சரசர, படபட. அவள் போன பிறகு அறையைச் சோதித்தேன். மருந்து, சார்ஜர், கடலை மாவு, மிக்சர், ஊரிலிருந்து வந்த எள்ளுப் பொடி, ஹேர்பின், எல்லாம் பிளாஸ்டிக் கவரில். என் கட்டில் தலைமாட்டில் ஒரு பெரிய கவர் தொங்கியது. திறந்து பார்த்தேன். அதில் கவர்கள் இருந்தன.

அப்படியென்றால் தேவை, சத்தம் போடாத ஒரு பை. இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சிறுத்தை வரைந்த கை பை தைக்க வேண்டியதாகிவிட்டதே என்றிருந்தது. ஆனால் அந்தக் கறுப்புக் குடைக்குப் பிறகு தென்காசிக்காரிக்கு நான் கடன்பட்டவள்.

துணி தேடியபோது கண்ணில் பட்டது பழைய யூனிஃபார்ம். ஹாஸ்டலில் எல்லோரிடமும் வேலையை விட்ட கம்பெனியின் யூனிஃபார்ம் ஒன்றிரண்டு தரை துடைக்கக் கிடக்கும். கெட்டித் துணி. சட்டையிலும் பேன்ட்டிலும் ஏற்கெனவே பாக்கெட்டுகள். கம்பெனிப் பெயரை வெட்டி எடுத்துவிட்டு, பாக்கெட் உள்ள பகுதிகளை மட்டும் சேர்த்துக் கட்டில் கம்பியில் தொங்கும் ஒரு பட்டையாக்கலாம் என்று வரைந்தேன். ஹாஸ்டல் தெருமுனையில் தையல் மெஷின் போட்டிருந்த டெய்லர் அக்கா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் பாக்கெட்டாவே கீதே. கை எங்க வுடறது?"

"கை இல்லக்கா. இது போட்டுக்கறதில்ல. கட்டில்ல மாட்றது."

"கட்டிலுக்கு யூனிஃபார்மா" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

பொருள் கீழே விழாமலிருக்க, பாக்கெட் வாய்களுக்கு வெல்க்ரோ வைக்கச் சொல்லியிருந்தேன். நானே சொன்னேன், பெருமையாக. மூன்று கட்டில் விளிம்புகளிலும் மாட்டினோம். கவர்களையெல்லாம் ஒழித்தோம். திங்கட்கிழமை காலை, தென்காசிக்காரி வந்து படுத்து அசந்த நேரத்தில், காஞ்சிபுரத்துக்காரி சீப்பு எடுக்க முதல் பாக்கெட்டைத் திறந்தாள். கர்ர்ர்ரென்று ஒரு சத்தம். கட்டிலின் இரும்பு அதை இன்னும் பெரிதாக்கியது. அவள் பயந்து மூடினாள். மூடிய பிறகு, சீப்பு எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்து மறுபடியும் திறந்தாள்.

தென்காசிக்காரி எழுந்து உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. அது இன்னும் கவலையாக இருந்தது.

"ஏட்டி, பழைய கவரத் தந்திரு" என்றாள் என்னிடம்.

வெல்க்ரோவைப் பிரித்தெடுத்தோம். மூடாமல் விட்டால் மேல்தட்டிலிருந்து ஹேர்பின் அவள் முகத்தில் விழுந்தது. பட்டன் வைத்தால் அவசரத்தில் யாரும் போடவில்லை. கடைசியில் கை கொடுத்தது தலையணை உறை. வாயை ஒட்டாமல் ஒரு மடிப்பை உள்ளே மடக்கி விடுவோமே, அதே மாதிரி. கை உள்ளே போகும், பொருள் வெளியே வராது, சத்தம் கிடையாது. டெய்லர் அக்கா இதைத் தைக்கும்போது, இதைத்தான் முதலிலேயே வைத்திருக்கலாமே என்று கேட்கவில்லை. அவருக்கு ஒவ்வொரு தடவையும் கூலி வந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் ஓடியது. தென்காசிக்காரி தூங்கினாள். எறும்பு மட்டும் வந்தது, மிக்சர் வைத்த பாக்கெட்டுக்கு. வார்டன் அக்கா வந்து பார்த்து, யாரைக் கேட்டுக் கட்டிலில் கட்டினீர்கள் என்று அதட்டினார். பிறகு குரலைத் தணித்து, பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்து, பக்கத்து அறைப் பெண்களும் கேட்கிறார்கள் என்றார்.

இனி போர்ட்ஃபோலியோ. நான் செய்த முதல் காரியம், கடைசியாகச் சரிவந்த பையை மட்டும் அழகாகப் படம் எடுத்து, பின்னால் ஒரு பூந்தொட்டியும் மரத்தரையும் ஒட்டியது. காஞ்சிபுரத்துக்காரி திரையைப் பார்த்தாள்.

"இந்தப் பூந்தொட்டி யாரு வூட்டுது?"

"நெட்ல எடுத்தேன்."

"தரை?"

"அதுவும்."

"இதெல்லாம் எடு. குடையப் போடு. ராட்சசி மாதிரி இவ ஓடுனா இல்ல, அதப் போடு. வெல்க்ரோவப் போடு. எங்க ஆபீஸ்ல உக்காந்துகினு ஒரு நாளைக்கு எவ்ளோ பேரப் பாக்கறேன், எல்லாவளும் மொத தபாவே கரெக்டா செஞ்சதாதான் எழுதறாளுங்க. எவள நம்பறதுன்னே தெரியல."

எனக்கு மனசே இல்லை. வேலை தேடுகிறவள் தன் சொதப்பலைத் தானே படம் பிடித்து அனுப்புவதா? ஆனால் குடை, வெல்க்ரோ, கடைசிப் பை மூன்றின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, முதல்முறையாக அது நான் செய்தது மாதிரி இருந்தது. முதல் பக்கத்தில் என் முகத்துக்குப் பதில் தென்காசிக்காரி தூங்கும் படத்தை வைத்தேன். அதற்கு அவளிடம் அனுமதி வாங்குவது எந்த இன்டர்வியூவையும்விடக் கடினமாக இருந்தது.

"வாயத் தெறந்துட்டுக் கெடக்கேன். இத எல்லாக் கம்பெனிக்கும் அனுப்பப் போறியா? எங்க மேனேஜரு பாத்தா?"

முகத்தின்மேல் ஷால் இருக்கும் படமாகத் தேடி எடுத்த பிறகுதான் சம்மதித்தாள். இரண்டு வாரம் அவள் துணியை நான் துவைப்பதாகவும் ஒப்பந்தம்.

சிறுத்தையை நீக்கினேன். நிலா பைக்கை நீக்கினேன். பொன்மொழி, வட்டங்கள், ரத்த வகை, பறவைகள் எல்லாம் போயின. பயோடேட்டா ஒரே பக்கமாகச் சுருங்கியது. ஃபைலின் பெயர் அதுவரை 'புதுசு ஃபைனல் ஒரிஜினல்' என்று இருந்தது. காஞ்சிபுரத்துக்காரி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு என் பெயரையே வைக்கச் சொன்னாள். ஃபிக்ஸ்ச்சர் வேலையைப் படமில்லாமல் நான்கு வரியில் எழுதினேன்: என்ன தொந்தரவு இருந்தது, நான் எதை மாற்றினேன், லைனில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள். கடிதத்தையும் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனியாக, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதினேன். இப்படி எழுதினால் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் எழுத முடியாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

உடனே உலகம் திரும்பிப் பார்த்துவிடவில்லை. பெரும்பாலான இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஒரு கம்பெனியில், டிசைன் காலேஜில் படித்தவர்களைத்தான் எடுப்போம் என்றார்கள். இன்னொரு இடத்தில் என் போர்ட்ஃபோலியோவைப் பார்த்துவிட்டு, தையல் தெரியுமா என்று கேட்டார்கள். பிறகு, பஸ் சீட் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அவர்களுக்கு நான் எழுதிய கடிதம் நாலே வரி. தினமும் கம்பெனி பஸ்ஸில் உங்கள் சீட்டைப் போன்ற ஒன்றில் தூங்கிக்கொண்டு போகிறவள் நான், அதைப் பற்றிப் பேச எனக்கு விஷயம் இருக்கிறது என்பது அதில் ஒரு வரி.

இன்டர்வியூவில் இரண்டு பேர். டிசைன் பிரிவுத் தலைவர், தலை நரைத்தவர்; அவருக்குப் பக்கத்தில் ஹெச்ஆர் பெண் ஒருவர். தலைவர் குடைப் படத்தில் நின்றார். வெல்க்ரோ பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

"வெல்க்ரோவால நாங்களும் பட்டிருக்கோம். சீட் கவர்ல வெச்சு, தலைமுடியெல்லாம் மாட்டி, எல்லா வண்டியும் திரும்பி வந்துச்சு." பிறகு முகம் மாறாமல் கேட்டார். "சரி, இந்தக் கடைசிப் பை வேல செய்யுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"அவ தூங்கறா சார்."

"தூங்கறான்னு எப்படித் தெரியும்? கண்ண மூடிப் படுத்திருக்கலாமே."

"குறட்டை விடறா சார். இப்ப எங்களுக்குத்தான் தூக்கமில்ல."

ஹெச்ஆர் பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். கடைசிப் பக்கத்தில் நான் எழுதியிருந்த எறும்புக்கு என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, மிக்சரை டப்பாவுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன் என்றேன். அது டிசைனா என்றார். இல்லை மேடம், அதட்டல் என்றேன்.

பிறகு என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய் ஒரு சீட்டில் உட்காரச் சொன்னார் தலைவர். என்ன குறை என்று சொல்லுங்கள் என்றார். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சீட்டைச் சாய்க்கும் கைப்பிடி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். இறங்கும் அவசரத்தில் சுடிதார் ஷால் அதில் மாட்டும். பின்னால் வருகிறவள் திட்டுவாள். இதைச் சொன்னபோது என் மனதுக்குள் கொஞ்சம் கைதட்டல் கேட்டது. யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று.

"தெரியும்" என்றார் அவர். "ரொம்ப நாளா தெரியும். கைப்பிடிய மாத்தணும்னா அத வார்க்கற அச்சையே மாத்தணும். பஸ் வாங்கறவங்க அதுக்குக் காசு தரமாட்டாங்க. அச்ச மாத்தாம என்ன பண்ணுவீங்க?"

நான் குனிந்து கைப்பிடியைப் பார்த்தேன். இழுத்தேன், விட்டேன். கீழ்நோக்கித் திருப்பி மாட்டினால் என்ன என்று கேட்டேன். அப்போது முன்சீட்டுக்காரரின் முட்டியில் இடிக்கும் என்றார். முன்சீட்டுக்காரருக்கு முட்டி முன்னால்தானே சார் இருக்கும் என்றேன். அவர் ஒரு நொடி யோசித்து, பின்சீட்டுக்காரர் என்று திருத்திக்கொண்டார். அது உண்மைதான், இடிக்கும். வேறு வழி தோன்றவில்லை. தெரியவில்லை சார், இந்த சீட்டில் சில நாள் உட்கார்ந்து பார்த்தால் ஏதாவது தோன்றலாம் என்றேன். அந்தக் கார் கம்பெனி இன்டர்வியூவாக இருந்தால் மேல் பக்கம் திறக்கும் என்று சொல்லியிருப்பேன்.

சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். கார் கம்பெனியிலும் இதையேதான் சொன்னார்கள். பஸ்ஸில் வரும்போதே, தையல் கற்றுக்கொண்டு டெய்லர் அக்காவிடம் சேர்ந்துவிடலாமா என்று யோசித்தேன். வாரங்கள் போயின. போன் பண்ணிக் கேள் என்று காஞ்சிபுரத்துக்காரி நச்சரித்தாள். கேட்டால் கெஞ்சுவது போலிருக்கும் என்றேன்.

"எங்க ஆபீஸ்ல ஒரு பேப்பர் மேல இன்னொரு பேப்பர் வுழுந்துடுச்சுன்னா கீழ கீறவன் கத அவ்ளோதான். நீ கேட்டாத்தான் ஒன்னுதத் தூக்கி மேல வெப்பாங்க. கெஞ்சறதுக்கு இன்னா கீது இதுல."

கேட்டேன். ஹெச்ஆர் பெண்தான் எடுத்தார். உங்களுக்கு மெயில் வரவில்லையா என்றார். வேலை உங்களுக்குத்தான் என்று முந்தைய வாரமே முடிவாகிவிட்டதாம். மெயில் முகவரியில் யாரோ ஓர் எழுத்தை விட்டுவிட்டிருந்தார்கள். அந்த நல்ல செய்தி யாருக்குப் போனதோ, அவர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்களோ தெரியாது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "பஸ்ஸு சீட்டுக்கு டிசைனா? பூ போட்டதா, கட்டம் போட்டதா?" என்று கேட்டாள். தென்காசிக்காரி துணி துவைப்பு ஒப்பந்தத்தை மேலும் நீட்டிக்கச் சொன்னாள், தன் படத்தால்தான் வேலை கிடைத்தது என்பது அவள் வாதம். காஞ்சிபுரத்துக்காரி ஒன்றும் கேட்கவில்லை. என் பழைய கம்பெனியில் ஃபிக்ஸ்ச்சர் வரைய இடம் காலியாவது உறுதியா என்று மட்டும் விசாரித்து, அதற்கு அன்றைக்கே ஓர் ஆளைப் பிடித்துவிட்டாள்.

புது வேலையில் எனக்கு முதலில் கொடுத்தது சீட் அல்ல. சீட்டின் கால் தரையோடு சேரும் இடத்தில் ஒரு போல்ட் தலை நீட்டிக்கொண்டிருக்கும். செருப்பில்லாத கால் அதில் இடிக்காமலிருக்க ஒரு சின்ன கறுப்பு ரப்பர் குல்லாய். அதை வரைய எனக்கு மாதக்கணக்கில் ஆனது. மெல்லியதாக வைத்தால் கிழிந்தது, தடிமனாக வைத்தால் கழன்று உருண்டு பஸ் முழுக்க ஓடியது. அவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், இந்தத் தடவை யாரும் சொல்லாமலே.

அது வண்டியில் ஏறிய பிறகு ஒருநாள், ஒரகடத்திலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில் எங்கள் சீட் இருப்பதைப் பார்த்தேன். பஸ் ஓடும்போதே குனிந்து சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, கேன்டீனில் வேலை செய்கிறவர், காலைத் தூக்கிக்கொண்டார்.

"இன்னாம்மா வுழுந்துச்சு?"

"ஒண்ணும் விழலக்கா. இந்தக் குல்லாய் இருக்குல்ல, கறுப்பா. இது நான் வரைஞ்சது."

அவரும் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து, விரலால் அதை ஒரு திருகு திருகிப் பார்த்தார். கழலவில்லை.

"கெட்டியாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு, காலை அதன்மேல் வைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தார்.